மர்மக் காய்ச்சல் எங்கிருந்து வருகிறது?

சென்ற இதழில் ஓய்வுபெற்ற சுகாதார அதிகாரி ஒருவர் எழுதிய கட்டுரையை இரண்டு முறை படித்தேன். முதல் முறை கோபத்தில் பாதியிலேயே மூடிவிட்டேன். முப்பது ஆண்டுகள் பொதுச் சுகாதாரத் துறையில் இருந்தவர் ஒன்றுமில்லாமல் எழுதமாட்டார் என்று மறுநாள் மறுபடி எடுத்தேன். அவர் சொல்வதன் சாரம் இது: அரசு திரட்டும் நோய்க் கணக்கையும் இறப்புக் கணக்கையும் யார் வேண்டுமானாலும் எடுத்தாளும்படி பொதுவில் வைக்கக் கூடாது. வைத்தால் மக்கள் பீதியடைவார்கள், தப்பாகப் புரிந்துகொள்வார்கள், நோயாளியின் அந்தரங்கம் கெடும், தனியார் அதை வைத்துக் காசு பார்ப்பார்கள். அரசு தயாரிக்கும் துண்டறிக்கை, காணொளி, கையேடு எதையும் அனுமதி வாங்காமல் மறுபதிப்புச் செய்யக் கூடாது. தகுதியுள்ள வல்லுநர்கள் எழுதிக் கேட்கட்டும், துறை பரிசீலித்துக் கொடுக்கும்.

இவற்றில் ஒரு வாதத்தில் மட்டும் பாதி நியாயம் இருக்கிறது. அந்தப் பாதியை அவர் கையாண்டிருக்கும் விதம்தான் கட்டுரையிலேயே மோசமான பகுதி. அதற்குப் பிறகு வருகிறேன்.

2020 கோடையில் தினமும் மாலை தமிழக சுகாதாரத் துறையின் செய்திக் குறிப்பு பி.டி.எஃப். கோப்பாக வெளிவரும். முதலில் மாவட்ட வாரியான அட்டவணைகள். பின்னால் இறந்தவர்கள். பெயர் இருக்காது. இத்தனை வயது ஆண், இந்த மாவட்டம், சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் இருந்தன, இத்தனை நாளாகக் காய்ச்சலும் மூச்சுத் திணறலும், இந்தத் தேதியில் சேர்க்கப்பட்டார், இந்தத் தேதியில் இறந்தார். ஒரு மனிதருக்கு ஒரு பத்தி. அந்தப் பத்திகளை நானும் இரண்டு நண்பர்களும் இரவு உட்கார்ந்து எக்செல் தாளில் தட்டச்சு செய்தோம். கோப்பிலிருந்து அப்படியே உருவி எடுக்க முடியாத வடிவம் அது. வரி வரியாகப் பார்த்து அடிக்க வேண்டும். சேர்த்த அன்றைக்கே, அல்லது மறுநாள் விடியுமுன் இறந்தவர்களின் பத்திகள் வரும்போது விரல் நின்றுவிடும். ஆஸ்பத்திரிக்குக் கடைசி நிமிடத்தில்தான் வந்து சேர்கிறார்கள் என்பதைச் சொல்ல எங்களுக்கு எந்த வல்லுநரும் தேவைப்படவில்லை. சேர்த்த தேதியும் இறந்த தேதியும் பக்கத்துப் பக்கத்துக் கட்டத்தில் இருந்தன.

நாங்கள் மூன்று பேர் தமிழ்நாட்டுக்குச் செய்ததை நாடு முழுவதற்கும் ஒரு தன்னார்வக் கூட்டம் செய்தது. கோவிட்19இந்தியா என்ற அந்தத் தளம் மாநிலங்களின் குறிப்புகளை ஒன்றுசேர்த்து, மாவட்ட வாரியாக, நாள் வாரியாக, கணினி படிக்கும் வடிவில் எல்லாருக்கும் இலவசமாகக் கொடுத்தது. பத்திரிகைகளும் ஆய்வாளர்களும் அதைத்தான் எடுத்தாண்டார்கள். 2021 அக்டோபர் 31 அன்று பணியை நிறுத்தும்வரை அதில் உழைத்தவர்களில் எத்தனை பேர் 'தகுதியுள்ள வல்லுநர்' என்று கட்டுரையாளர் விசாரித்துச் சொல்லட்டும். அனுமதிக் கடிதம் எழுதிக் காத்திருந்தால் முதல் அலை முடிந்திருக்கும்.

2020 ஜூனில் சென்னை மாநகராட்சியின் இறப்புப் பதிவேடும் மாநில அரசு வெளியிடும் எண்ணிக்கையும் பொருந்தவில்லை என்று செய்தி வந்தது. அரசு குழு அமைத்துச் சரிபார்த்தது. ஜூலை 22ஆம் தேதி, விடுபட்டிருந்த 444 இறப்புகள் மாநிலக் கணக்கில் சேர்க்கப்பட்டன. சேர்த்தது அரசின் நேர்மை, அதை மறுக்கமாட்டேன். ஆனால் அந்த நேர்மைக்கு வழி எங்கிருந்து பிறந்தது? இரண்டு எண்கள் வெளியே தெரிந்தன. பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிந்தது. ஒன்று பூட்டிக் கிடந்திருந்தால் 444 மனிதர்கள் கணக்கிலேயே வராமல் போயிருப்பார்கள். கட்டுரையாளர் கேட்பது அந்தப் பூட்டைத்தான்.

கணக்கில் வருவதும் வராததும் வெறும் புள்ளிவிவர விஷயம் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். எங்கள் தெருமுனையில் இஸ்திரி வண்டி வைத்திருந்த அண்ணன் அந்த ஜூனில் இறந்தார். ஆஸ்பத்திரி கொடுத்த சீட்டில் நிமோனியா என்று மட்டும் எழுதியிருந்தது. பரிசோதனை முடிவு அவர் போன பிறகு வந்தது. மறு வருஷம் உச்ச நீதிமன்றம் தலையிட்டு, கொரோனாவில் இறந்தவர் குடும்பத்துக்கு 50,000 ரூபாய் என்று முடிவானபோது, அந்த அக்கா வண்டியில் கரி போட்டு ஊதிக்கொண்டே கேட்டார்: "தம்பி, அந்த கவர்மென்ட் லிஸ்டுல இவரு இருக்காரான்னு பாத்துச் சொல்லுங்க." எங்கள் எக்செல் தாளைத் திறந்து வயது, தேதி, இருந்த நோய்கள் எல்லாவற்றையும் ஒத்துப் பார்த்தோம். ஒரு பத்தி அப்படியே பொருந்தியது. அந்தப் பக்கத்தை அச்செடுத்து விண்ணப்பத்தோடு வைத்தார். பணம் வந்தது. புது இஸ்திரிப் பெட்டி வாங்கினார், கேஸில் ஓடுவது.

அந்த நிவாரணத் தொகையே பிறகு கணக்குகளைச் சோதித்தது. குஜராத்தின் அதிகாரபூர்வ கோவிட் இறப்பு 10,094 என்று இருந்தபோது, ஏற்கப்பட்ட நிவாரண விண்ணப்பங்கள் 68,370 என்ற விவரம் 2022 ஜனவரியில் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. ஏற்றது அந்த அரசேதான். இந்த இரண்டு எண்ணையும் பார்த்த பிறகு, அரசுக் கணக்கை வெளியார் சரிபார்க்கத் தேவையில்லை என்று ஒருவர் எழுத முடியுமானால், அவருக்கு யாரிடம் விசுவாசம் என்று கேட்க எனக்கு உரிமை உண்டு.

இனி பீதிக்கு வருவோம். ஒவ்வொரு மழைக்காலத்திலும் நம் செய்தித்தாள்களில் ஒரு நோய் வரும். எந்த மருத்துவப் புத்தகத்திலும் இல்லாத நோய். மர்மக் காய்ச்சல். 'மர்மக் காய்ச்சலுக்குச் சிறுமி பலி.' 2017இல் இந்தச் சொல் எத்தனை நாள் முதல் பக்கத்தில் இருந்தது என்று அந்த ஆண்டை நினைவில் வைத்திருக்கும் எவரும் சொல்வார்கள். பூச்சிகளால் பரவும் நோய்களுக்கான தேசியக் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் கணக்குப்படி அந்த ஆண்டு தமிழ்நாட்டில் டெங்கு 23,294 பேருக்கு, இறந்தவர்கள் 65 பேர். முந்தைய ஆண்டு 2,531 பேர்தான். ஒன்பது மடங்குக்கு மேல் ஏறிய நோய் எந்தப் பேட்டையில், எந்த ஒன்றியத்தில் ஏறுகிறது என்பது தெருவில் இருந்த தாய்க்குத் தெரியவில்லை. பிள்ளைக்கு அனலாய்க் கொதிக்கும்போது பக்கத்துத் தெருவில் எத்தனை பேருக்கு உறுதியானது என்று தெரிந்தால் அவள் தண்ணீர்த் தொட்டியைக் கவிழ்ப்பாள், மூன்றாம் நாள் ரத்தத் தட்டணு பார்க்கச் சொல்வாள், மெடிக்கலில் ஊசி போட்டுக்கொண்டு வீட்டுக்குத் திரும்பமாட்டாள். தெரியாதபோது வாட்ஸ்அப்பில் வரும் குரல் பதிவை நம்புவாள். மர்மம் கொசுவிடமிருந்து வரவில்லை ஐயா. எண்ணைத் தெரிந்துகொண்டே சொல்லாமல் வைத்திருந்த அலுவலகங்களிலிருந்து வந்தது. பீதி என்று நீங்கள் பெயர் வைத்திருப்பது தகவல் கிடைக்காத மனிதனின் நிலையை.

தப்பாகப் புரிந்துகொள்வார்கள் என்ற வாதத்துக்கு அவர் கொடுக்கும் உதாரணம் சிசேரியன். மருத்துவமனை வாரியாக விகிதத்தைப் போட்டால், சிக்கலான பிரசவங்கள் வந்து சேரும் பெரிய ஆஸ்பத்திரிகளுக்குக் கெட்ட பெயர் வரும் என்கிறார். பெரிய ஆஸ்பத்திரிக்குச் சிக்கலான கேஸ் போகிறது என்பது உண்மை. அதைப் பக்கத்துப் பத்தியில் போட்டால் போயிற்று: இத்தனை பிரசவம், அதில் வேறிடத்திலிருந்து அனுப்பப்பட்டவை இத்தனை, முதல் பிரசவம் இத்தனை. தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாவது சுற்று தமிழ்நாட்டைப் பற்றிச் சொல்வதைப் பாருங்கள். மொத்தப் பிரசவங்களில் சிசேரியன் 44.9 சதவீதம். அரசு மருத்துவமனைகளில் 36. தனியாரில் 63.8. இந்தியச் சராசரி 21.5தான். தனியார் மருத்துவமனை வாசலை மிதிக்கும் மூன்று பெண்களில் ஏறக்குறைய இரண்டு பேர் வயிற்றைக் கிழித்துக்கொண்டுதான் வெளியே வருகிறார்கள். எந்த மருத்துவமனையில் என்று கேட்டால் பதில் இல்லை. அந்தப் பதிலை மறைப்பதால் யாருடைய பெயர் காப்பாற்றப்படுகிறது என்று கட்டுரையாளர் யோசித்தாரா? மக்களுக்குப் புரியாது என்று அவர் கவலைப்படுவது, அவர்கள் மிக நன்றாகப் புரிந்துகொள்ளக்கூடிய ஓர் எண்ணைப் பற்றி.

அவர் வகித்த பதவிகளுக்கு இந்த மண்ணில் ஒரு நீண்ட மரபு உண்டு. அதை அவருக்கு நினைவூட்ட வேண்டியிருக்கிறது. தாது வருடப் பஞ்சத்தில், 1877இல், மத்திய அரசு அனுப்பிய ரிச்சர்ட் டெம்பிள் நிவாரண வேலை செய்பவர்களின் கூலியை நாளுக்கு ஒரு ராத்தல் தானியமும் கொஞ்சம் காசும் என்ற அளவுக்குக் குறைத்தார். மதராஸ் மாகாணத்தின் சுகாதார ஆணையராக இருந்த கார்னிஷ், அரசாங்க ஊழியராக இருந்துகொண்டே, சிறைக் கைதிகளுக்குக் கொடுக்கும் உணவளவையும் முகாம்களில் மனிதர்கள் இருந்த நிலையையும் எடுத்து வைத்து, ஒரு ராத்தலில் உழைக்கும் உடம்பு நிற்காது என்று எழுதினார். அந்த மறுப்பு அச்சிலும் வந்தது. அந்த ஆண்டே கூலி உயர்த்தப்பட்டது. பஞ்சம் தின்ற லட்சக்கணக்கானவர்களுக்கு அது போதவில்லை என்பது வேறு. ஆனால் கையில் எண்ணை வைத்திருந்த ஒரு சுகாதார அதிகாரி அந்த எண்ணை யாருக்காகப் பேச வைத்தார் என்பது 140 ஆண்டு கழித்தும் தெரிகிறது. அதே வேலையைச் செய்த இன்னொருவர், எண்களைப் பெட்டியில் வைத்துப் பூட்டும்படி ஓய்வூதியக் காலத்தில் கட்டுரை எழுதுகிறார்.

சரி, அந்தப் பாதி நியாயம். அந்தரங்கம்.

நோயாளியின் அந்தரங்கம் உயிரைப் போன்றது. ஒரு சிற்றூரில் ஒரே ஒருவருக்கு எச்.ஐ.வி. இருந்தால், அட்டவணையில் இருக்கும் '1' என்ற எண்ணே அவர் வீட்டுக்கு வழி காட்டிவிடும். காசநோய்க்கு மாத்திரை வாங்கும் பெண்ணுக்குக் கல்யாணம் நின்றுபோன கதைகள் ஊருக்கு ஊர் இருக்கின்றன. இதை மறுப்பவன் மனிதனல்ல. அதனால்தான் இந்த வேலையைத் தெரிந்தவர்கள் அதற்கு முறைகள் வகுத்திருக்கிறார்கள். எண் மிகச் சிறியதாக இருந்தால் பக்கத்து ஊரோடு சேர்த்துக் காட்டுவார்கள், அல்லது கட்டத்தை வெறுமையாக விடுவார்கள். குடும்ப நல ஆய்வு போன்ற பெரிய கணக்கெடுப்புகளில், கிராமத்தின் இடப்புள்ளியைப் பல கிலோமீட்டர் வரை வேண்டுமென்றே நகர்த்திவிட்டுத்தான் ஆய்வாளர்களுக்குக் கொடுக்கிறார்கள். ஆய்வும் நடக்கிறது, வீடும் தெரிவதில்லை. மத்திய அரசின் 2012ஆம் ஆண்டுத் தரவுப் பகிர்வுக் கொள்கையே, வெளியிடக் கூடாதவற்றைத் துறைகள் தனிப் பட்டியலாக வைக்க வேண்டும் என்கிறது.

இதெல்லாம் அவருக்குத் தெரியாது என்று நான் நம்பவில்லை. தெரிந்தும் இரண்டையும் ஒன்றாகக் குழப்புகிறார். ஒரு மனிதரின் மருத்துவப் பதிவு வேறு, ஒரு வார்டின் எண்ணிக்கை வேறு. முதலாவதைக் காக்க வேண்டும் என்ற நியாயத்தை இரண்டாவதின் மேல் போர்த்துகிறார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கும் வேலை இது.

அந்தரங்கம் நிஜமாகவே பறிபோன இடங்களைப் பார்ப்போம். 2020 மார்ச்சில் வீட்டுத் தனிமையில் இருந்தவர்களின் முகவரிகளைக் கர்நாடக அரசு பட்டியலாக வெளியிட்டது. சென்னையில் வீட்டு வாசலில் அறிவிப்பு ஒட்டினார்கள், சில இடங்களில் தகரம் வைத்தே அடைத்தார்கள். காய்கறிக்காரர் அந்த வீட்டைத் தாண்டி ஓடினார். 2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸின் கணினிகள் இணையத் தாக்குதலில் பல நாள் முடங்கின. 2023 ஜூனில் தடுப்பூசி போட்டவர்களின் விவரம் டெலிகிராமில் கேட்டவருக்கெல்லாம் கிடைத்தது. இவற்றில் ஒன்றுகூட, எண்ணிக்கைகளை எல்லாரும் எடுத்தாளும்படி வெளியிட்டதால் வந்ததல்ல. சில, அரசே தனிமனிதரைக் காட்டிக்கொடுத்தவை. மற்றவை, பூட்டி வைத்ததாகச் சொல்லப்பட்ட இடங்களில் நடந்தவை. பூட்ட வேண்டிய அறையில் பூட்டு இல்லை. திறந்திருக்க வேண்டிய வாசலில் நான்கு பூட்டு. நான்கு பக்கக் கட்டுரையில் இவற்றில் ஒன்றுக்குக்கூட அவர் ஒரு வரி ஒதுக்கவில்லை. அந்தரங்கத்தின் மேல் உண்மையான அக்கறை உள்ளவர் அங்கிருந்துதான் தொடங்கியிருப்பார்.

என் அனுபவம் ஒன்றையும் சொல்கிறேன். ஓர் அலுவலகத்துக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டேன். ஒரு வருடத்தில் வார்டு வாரியாக டெங்கு உறுதியானவர் எண்ணிக்கை, பெயர் வேண்டாம், வயது வேண்டாம், எண்ணிக்கை மட்டும். முப்பதாவது நாள் பதில் வந்தது. தனிநபர் தகவல், 8(1)(ஒ) பிரிவின்படி தர இயலாது. அந்தக் கடிதத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வார்டின் எண்ணிக்கை எந்த மனிதரின் அந்தரங்கம்? 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் நான்காவது பிரிவு, யாரும் மனுப் போட வேண்டிய தேவையே குறையும்படி அதிகார அமைப்புகள் தாமாகவே தகவலை வெளியிட வேண்டும் என்கிறது. 2023இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ அந்த எட்டாம் பிரிவின் வாசலை இன்னும் குறுக்கியது. கட்டுரையாளருக்கு அதுவும் போதவில்லை.

சரிபார்த்த பிறகுதான் வெளியிட வேண்டும் என்று ஓரிடத்தில் சொல்கிறார். எவ்வளவு நாள்? நாட்டில் பதிவான மொத்த இறப்புகள் 2019இல் 76.4 லட்சம், 2020இல் 81.2 லட்சம், 2021இல் 1.02 கோடி. பதிவு செய்யும் பழக்கம் கூடியதும் இந்த உயர்வில் ஒரு பங்கு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 2021ஆம் ஆண்டின் அந்த எண் மக்கள் கைக்கு வந்தது 2025 மே மாதத்தில். அந்தக் கொடும் ஆண்டில் ஒன்றாம் வகுப்பில் இருந்த பிள்ளை ஐந்தாம் வகுப்புக்குப் போன பிறகு.

அடுத்து, அரசின் துண்டறிக்கையையும் காணொளியையும் அனுமதியின்றிப் பகிரக் கூடாது என்ற யோசனை. 2017 பிப்ரவரியில் தட்டம்மை ரூபெல்லா தடுப்பூசி முகாம் தமிழ்நாட்டில் தொடங்கியது. சில நாளில் ஒரு குரல் பதிவு எல்லார் போனிலும் வந்தது, பள்ளியில் போடும் ஊசி ஆபத்து என்று. என் அண்ணன் மகள் படித்த பள்ளியில் அன்று வகுப்பில் பாதிப் பேர் வரவில்லை, பெற்றோர் அனுப்பவில்லை. முகாமை நாள் நீட்டித்து நீட்டித்து நடத்த வேண்டியிருந்தது. அந்தக் குரல் பதிவைப் பரப்பியவர் யாரிடம் அனுமதி கேட்டார்? பொய் பதிப்புரிமை பார்ப்பதில்லை. அனுமதி என்ற வேலி நேர்மையானவரை மட்டும்தான் தடுக்கும்: அரசின் விளக்கத்தை எடுத்து ஊர்ப் பேச்சில் மாற்றிச் சொல்ல நினைக்கும் ஆசிரியரை, பார்வையற்றவர்களுக்கு ஒலியாக்க நினைக்கும் மாணவியை, இருளர் குடியிருப்பில் படக்கதையாக வரைந்து காட்ட நினைக்கும் தன்னார்வலரை.

சட்டம் ஏற்கெனவே இறுக்கமாகத்தான் இருக்கிறது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி அரசுப் படைப்புக்கு 60 ஆண்டு உரிமை. சில விதிவிலக்குகளைத் தவிர்த்தால், 2017இல் அச்சடித்த தடுப்பூசித் துண்டறிக்கைக்கு உரிமை 2077 முடிய ஓடும். அமெரிக்காவில் மத்திய அரசின் ஊழியர்கள் பணியில் உருவாக்கியதற்குப் பதிப்புரிமையே கிடையாது. சாம்பல் பந்தில் சிவப்பு முட்கள் குத்தி நிற்கும் கொரோனா கிருமியின் படத்தை நினைத்துப் பாருங்கள். அந்நாட்டு நோய்த் தடுப்பு மையத்தில் வேலை பார்த்த இரண்டு ஓவியர்கள் 2020 ஜனவரியில் வரைந்தது. நம் ஊர் நாளிதழ் முதல் பஞ்சாயத்து அலுவலகச் சுவர் வரை அந்தப் படம் வந்து சேர்ந்ததற்குக் காரணம், யாரும் யாரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை. நமக்கும் இது புதிதல்ல. பாரதியின் எழுத்தை 1949இல் நாட்டுடைமையாக்கிய அரசு இது. ஒரு கவிஞனின் பாட்டு மக்களுடையது என்று முடிவு செய்த நாட்டில், பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு வந்தால் உப்புச் சர்க்கரைக் கரைசல் எப்படிக் கலப்பது என்ற படம் அரசாங்கத்தின் சொத்தா?

தனியார் லாபம் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. எந்த மருந்து எந்த ஊரில் எவ்வளவு விற்கிறது என்ற கணக்கை மருந்து நிறுவனங்கள் காசு கொடுத்து வாங்கிக்கொண்டுதான் இருக்கின்றன. பூட்டினால் அவர்களுக்கு ஒன்றும் குறையாது. காசு இல்லாதவனுக்குத்தான் குறையும்.

கடைசியாக, எண்களைப் பற்றி எனக்கு எல்லாரையும்விட அதிகம் சொல்லிக்கொடுத்தவரைப் பற்றி. ஒரு துணை சுகாதார நிலையத்தில் இருபத்திரண்டு வருஷமாக வேலை பார்க்கும் கிராம சுகாதார செவிலியர். ஊருக்கு நர்சம்மா. கர்ப்பிணிக்குப் பிக்மி என்ற பதிவு எண் போடுவதிலிருந்து காய்ச்சல் கணக்கு வரை தினமும் அவர் கைதான் பதிவேற்றுகிறது. அனுப்பியவை மேலே போய் என்ன ஆகின்றன, பக்கத்து ஒன்றியத்தில் என்ன நிலவரம் என்று அவருக்கு யாரும் திருப்பிச் சொல்வதில்லை. அதனால் தனக்கென்று ஒரு நீள நோட்டு வைத்திருக்கிறார். எந்தத் தெருவில் எந்த வாரம் எத்தனை காய்ச்சல் என்று மூன்று மழைக்காலத்துக்கு அதில் இருக்கிறது. தண்ணீர் லாரி தாமதமாக வரும் தெருக்களில் காய்ச்சல் முதலில் ஏறுவதை அந்த நோட்டை வைத்துத்தான் அவர் கண்டுபிடித்திருந்தார். பஞ்சாயத்துத் தலைவரிடம் அதைக் காட்டித்தான் லாரியின் நேரத்தை மாற்ற வைத்தார்.

நான் பார்க்கலாமா என்று கேட்டேன். "அதுக்கென்ன தம்பி, பாருங்க" என்று மேசைமேல் விரித்தார். பிறகு டிராயரிலிருந்து ஓர் அடி ஸ்கேலை எடுத்து, பெயர்கள் இருந்த பத்தியின் மேல் குறுக்கே வைத்து, ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டும்போதும் ஸ்கேலும் கூடவே நகர்ந்தது.